நான்காவது கை

லண்டன்
9 நவம்பர் 1980

அன்புள்ள கிளைவ்,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் நீ அடுப்பில் போட்டிருப்பாய். இல்லையென்றால் அம்மாவின் கண்ணில் படுகிற மாதிரி கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பாய். இரண்டாவதுதான் உன் வழக்கம். அண்ணன் என்றால் தங்கையின் கடிதத்தைப் பிரிக்காமலே கோபப்படலாம் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது?

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். ஹாக்னியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்துக் குடியேறியிருக்கிறோம். கூரை ஒழுகுகிறது. ஷெஃபீல்டில் நாம் பயிற்சி செய்த அந்தப் பழைய கத்திப் பட்டறையின் மூன்றாம் மாடியைவிட மோசமில்லை. அங்கே மழை வாளியில் விழும், இங்கே ஸ்டூவர்ட்டின் படுக்கையில் விழுகிறது. அவன் தன் கிடாருக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைகிறான். கேவின் புதுப் பாட்டு எழுதுகிறேன் என்று நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் எழுந்து, "என்ன இருக்கு?" என்கிறான். டாக்டர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு முட்டை தானாக வெந்து தட்டுக்கு வராது என்பதே இந்த ஊரில்தான் தெரிந்திருக்கிறது.

டிரம்ஸில் உன் இடத்துக்கு வந்த மின்சாரத் தாளப்பெட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் விட்டால் உனக்கு அது மட்டும்தான் தெரியும். ஆகவே எழுதுகிறேன். பிஸ்கட் டப்பா அளவு. வால்ட்ஸ், ரம்பா என்று நடனங்களின் பெயரில் மேலே பொத்தான்கள். ஏதோ ஹோட்டலில் பியானோ வாசிக்கிற ஆளுக்காகச் செய்தது போலிருக்கிறது. கேவின் எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டி மூடிவிட்டு, ஒரே ஒரு பொத்தானை மட்டும் வைத்திருக்கிறான். அமுக்கினால் டக், டக், டக். நிறுத்துகிற வரைக்கும் அதேதான்.

வானொலிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். டிசம்பரில் அவர்களுடைய ஸ்டூடியோவில் ஒரு நாள் பதிவு. வசந்தத்தில் எங்கள் பாட்டுகளை எல்.பி. இசைத்தட்டாகப் போட ஒரு சின்னக் கம்பெனியும் சம்மதித்திருக்கிறது. மூன்று வருடமாக எதற்கு ஏங்கினோமோ அது வருகிறது. வரும்போது நீ இல்லை. மேடையில் நீ உட்கார்ந்த பக்கத்தில் இப்போது ஒரு சின்ன மேஜை. பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

மர்லீன்


ஷெஃபீல்ட்
23 நவம்பர் 1980

மர்லீன்,

திட்டச் சொன்னாய். சரி.

நம் அம்மா இசைப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்தாள். பின்னல் புத்தகத்தைத் தவிர எதையும் காசு கொடுத்து வாங்காதவள், பேப்பர் கடையில் தலைமுடியைப் பச்சையாக்கிய பையன்களுக்கு நடுவில் வரிசையில் நின்றிருக்கிறாள், மகள் படம் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக. அடுப்படியில் நின்று சத்தமாக வாசித்தாள். கேவின் சொல்லியிருக்கிறான்: "எங்க புது டிரம்மர் குடிக்க மாட்டான், வாதம் பண்ண மாட்டான், வேன்ல இடத்தை அடைக்க மாட்டான்."

"யாருடா இந்தப் பையன்? நல்ல பையனா இருக்கானே" என்றாள்.

"பெட்டிம்மா அது" என்றேன்.

அம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

அந்தப் பேட்டியில் இன்னொன்றும் இருந்தது. ஷெஃபீல்டின் இரும்புச் சுத்தியல்கள்தான் எங்களுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தன என்று கேவின் அளந்திருக்கிறான். அவன் வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தால் பட்டறைப் புகைகூடத் தெரியாது. நான் அந்தச் சுத்தியலுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிறேன். அது எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலது காதைத்தான் கொஞ்சம் வாங்கிக்கொண்டது.

படத்தில் நீ சிரிக்கிறாய். பல் தெரியக் கூடாது என்பது நம் விதி. டிரம்ஸில் சிம்பல் தட்டு கூடாது, கிடாரில் தனி ஆவர்த்தனம் கூடாது, பாட்டில் காதல் என்ற சொல் கூடாது, படத்தில் பல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் விதி: நாலு கையும் உயர்ந்தால்தான் எதுவும் நடக்கும். அதைக் கொண்டுவந்தவன் நான். "மூணு பேர் சேர்ந்து ஒருத்தனை அமுக்குறது பாராளுமன்றத்துல நடக்கட்டும், மூன்றாம் மாடியில வேணாம்" என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். குழுவுக்கே மூன்றாம் மாடி என்றுதான் பெயர் வைத்தோம்.

டிரம்மருக்குப் பதில் பெட்டி என்று கேவின் ஓட்டுக்கு விட்டபோது நீ கை தூக்கினாய். பெட்டி கிடக்கட்டும். கேவின் கிடக்கட்டும். நீ தூக்கினாய். வேறென்ன சொல்ல.

கிளைவ்


லண்டன்
27 நவம்பர் 1980

கிளைவ்,

நான் தூக்கினேன். நீ?

நாலு கையும் உயர்ந்தால்தான் நடக்கும் என்று உபதேசம் செய்கிறாயே, நாலாவது கை யாருடையது? உன் தோளில் முளைத்ததுதானே? யாராவது உன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்களா? நீ கீழே வைத்திருந்தால் விஷயம் அன்றைக்கே அந்த வாளித் தண்ணீரோடு போயிருக்கும். நீ தூக்கினாய், ஜாக்கெட்டைப் போட்டாய், குச்சிகளைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய். இப்போது நான் கொன்றவள், நீ செத்தவன்.

கேவின் அந்தப் பெட்டிக்காக மூன்று வாரம் என் உயிரை எடுத்தான், உனக்குத் தெரியுமா? வேனில், சிப்ஸ் கடையில், பஸ் நிறுத்தத்தில். "அவன் நல்ல டிரம்மர்தான், ஆனா பாட்டு சூடு பிடிச்சா தாளத்துல வேகமெடுத்து ஓடுறான், மர்லீன். எனக்கு ஓடாத தாளம் வேணும். மூச்சு விடாத தாளம் வேணும்." நான் இல்லை என்றால் மறுநாளும் அதையே ஆரம்பிப்பான். சலித்துப்போய் நினைத்தேன்: சரி, ஓட்டுக்கு விடட்டும். கிளைவ் எப்படியும் கை தூக்கப் போவதில்லை. அவன் தூக்காவிட்டால் என் கை எங்கே இருந்தால் என்ன? கேவின் முகத்துக்கு எதிரே நானும் நின்று சண்டை போடுவானேன்? சினிமாப் பாட்டு மாதிரி ஒன்றை ஸ்டூவர்ட் கொண்டுவந்தபோதும் அப்படித்தானே செய்தோம்? நானும் கேவினும் பாவம் பார்த்துத் தூக்கினோம், நீ கீழே வைத்தாய், பாட்டு போனது. யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. கையைக் கீழே வைப்பது உன் வேலையாகவே ஆகிவிட்டிருந்தது.

என் கை ஒரு மரியாதைக்குத் தூக்கின கை, கிளைவ். உன்னுடையதை நம்பித் தூக்கின கை. நீயும் தூக்கியதைப் பார்த்தபோதே, "வேணாம், நான் சும்மா தூக்கினேன்" என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நீ படியில் இறங்குகிற சத்தம் அடிவரைக்கும் கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. அம்மாவிடம் கச்சேரி இருக்கிறது என்று சொல்.

ம.


ஷெஃபீல்ட்
11 ஜனவரி 1981

அன்புள்ள மர்லீன்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. கிறிஸ்துமஸ் போனது, புத்தாண்டு போனது. அம்மா உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. "எந்த ஊர்லடி கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கச்சேரி வைக்கிறான்?" என்று உன் படத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கேவின் கை உயர்ந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸ்டூவர்ட் கை உயர்ந்தது. அவன் கேவினைப் பார்த்துத்தான் மூச்சே விடுவான். நான் உன்னைப் பார்த்தேன். உன்னை மட்டும்தான் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி கையைத் தூக்கினாய். உனக்கே நான் வேண்டாம் என்றால் அங்கே யாருக்காக உட்கார்ந்திருப்பது? விதி என்னைக் காப்பாற்றும் என்று எனக்கும் தெரியும். அப்படி ஒட்டிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. நீ விரும்புவதை நானே செய்து கொடுத்துவிடலாம் என்று தூக்கினேன்.

ஆக, நான் தூக்க மாட்டேன் என்று நீ தூக்கினாய். நீ தூக்கியதால் நான் தூக்கினேன். நம்மைவிடப் பெரிய முட்டாள்கள் யார்க்ஷயரில் இருக்கிறார்களா? கோபம் போய்விட்டது, மர்லீன். இப்போது வருத்தம் மட்டும்தான் இருக்கிறது. கோபம் இருந்தபோதே நன்றாக இருந்தது.

என்னென்னவோ ஞாபகம் வருகிறது. ஊரெல்லாம் கிடாரில் மூன்றே ஸ்வரக் கூட்டுகளைக் கற்றுக்கொண்டு கத்தித் தீர்த்த வருடம். கத்தி முடித்ததும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் இந்த முன்னறையில், ஜமைக்கா இசைத்தட்டுகளில் பேஸ் கிடார் எப்படி இடம் விட்டு இடம் விட்டு நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஜெர்மன்காரர்களின் நேரான ரோடு மாதிரியான தாளத்தையும் கேட்டோம். லீட்ஸில் பார்த்தோமே, கிடாரை வைத்துக்கொண்டு சுவரைச் சுரண்டுகிற மாதிரி வாசித்த அந்தப் பையன்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "கிடார் சுரண்டட்டும். பாட்டை என் பேஸ் எடுத்துக்கட்டும். நீ எனக்குக் கீழ தரை மட்டும் போட்டுக் கொடு." போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் எனக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்ததில்லை.

நான் வேலை பார்க்கிற, அப்பா வேலை பார்த்த இரும்புப் பட்டறையை மே மாதம் மூடுகிறார்கள். அப்பா முன்னாலேயே வெளியே வந்துவிட்டார். தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, பழுதாகாத ரேடியோவைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிறார். நான் சனிக்கிழமைகளில் தொழிலாளர் கிளப்பில் ஆர்கன் வாசிக்கிற ஹோரஸுக்கு டிரம்ஸ் அடிக்கிறேன். அவருடைய பழைய ஆளுக்கு இடுப்பு போய்விட்டது. பிங்கோ ஆட்டம் முடிந்ததும் எங்கள் நேரம். சிம்பல் உண்டு. கேவின் காதில் விழட்டும் என்று அடிக்கிறேன். "தம்பி, மெல்ல, மெல்ல. கிழவிங்க ஆடுறாங்க, ஒண்ணு விழுந்தா நீதான் தூக்கணும்" என்கிறார் ஹோரஸ்.

வீட்டுக்கு வா.

கிளைவ்


லண்டன்
2 பிப்ரவரி 1981

கிளைவ், கிளைவ்,

நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு வாரத்துக்கு மேல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்றைக்குப் பயிற்சிக்கு நடுவில் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, "ஓட்டு" என்றேன். கேவின், "எதுக்கு?" என்றான். "என் அண்ணன் திரும்பி வர்றதுக்கு" என்றேன்.

"அப்ப பெட்டியை என்ன பண்றது?"

"மேல டீ வைக்கலாம்" என்றான் ஸ்டூவர்ட். பிறந்ததிலிருந்து அவன் அடித்த முதல் ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன். முதல் கையும் அவனுடையதுதான், கேவினைப் பார்க்காமலே தூக்கினான்.

கேவின் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். "ஓடுவானே, மர்லீன். எல்.பி. பண்ணப் போறோம். சூடு பிடிச்சா ஓடுவானே."

"நானும்தானே கூட ஓடினேன்? என்னையும் அனுப்பிடு" என்றேன்.

கை தூக்கினான். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்கிற பையன் மாதிரி பாதி தூக்கினான். "முழுசா தூக்கு" என்றேன். தூக்கினான், அண்ணா! நீ நினைக்கிற அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை. பத்திரிகையில் சொன்னதற்கு வெட்கப்படுகிறான். உன்னிடம் அதைச் சொல்லத்தான் அவனுக்கு நாக்கு இல்லை.

ஆக, மூன்று கை. நாலாவது உன்னுடையது. விதி விதிதான், நீ போட்டதுதானே. கடிதத்தில் தூக்கினாலும் செல்லும் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். எல்.பி. பதிவு மார்ச் முதல் வாரம் ஆரம்பிக்கிறது. ஒரு வரி எழுது. "தூக்கினேன்" என்று மட்டும் எழுது, போதும். டிரம்ஸை ரயிலில் எப்படிக் கொண்டுவருவது என்று கவலைப்படாதே, ஸ்டூவர்ட் வேனை எடுத்துக்கொண்டு வருவான்.

நீ உட்காரும் பக்கத்தில் இருந்த மேஜையை நான் இப்போதே நகர்த்திவிட்டேன்.

மர்லீன்


ஷெஃபீல்ட்
22 பிப்ரவரி 1981

அன்புள்ள மர்லீன்,

நீ காத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள். கை தூக்கலாம் என்று காகிதத்தை எடுத்து வைத்த அன்றுதான் வேலையிடத்தில் டென்னிஸ் ஒரு கேசட் கொடுத்தான். உங்கள் வானொலிப் பதிவு. ஒலிபரப்பான அன்று நான் கேட்கவில்லை, வேண்டுமென்றே கேட்கவில்லை. அவன் பிடித்து வைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் போட்டேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டில் அப்பா கொட்டகையிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"பேஸ் யாரு?" என்றார்.

"யாரா? உங்க பொண்ணு" என்றாள் அம்மா.

உள்ளே வராமல், செருப்பைக் கழற்றாமல், கடைசிப் பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றார். பிறகு கொட்டகைக்குப் போய்விட்டார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு இந்த வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை.

பெட்டி நன்றாக இருக்கிறது, மர்லீன். மோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போட்டேன். மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டேன். அது ஓடவில்லை. அது ஓடாததால் நீயும் ஓடவில்லை. நாம் சேர்ந்து வாசித்தபோது நான் ஓட, நீ என்னைப் பிடிக்க ஓடி வருவாய். அதில் பாதி ஸ்வரம் உன் கையிலிருந்து சிந்திவிடும். இதில் ஒன்றுகூடச் சிந்தவில்லை. அந்தப் பெட்டி உன்னைக் கவனிக்கவே இல்லை. அதனால் நீ தனியாக நிற்கிறாய். கேவின் சொன்னது சரி என்று எழுத என் பேனா மறுக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இதைக் கேட்ட பிறகு எப்படிக் கை தூக்குவது? நீ வயரைப் பிடுங்கி, சண்டை போட்டு, மூன்று கை வாங்கி வைத்திருக்கிறாய். அண்ணன் என்பதற்காக வாங்கினாய். டிரம்மர் என்பதற்காக இல்லை. நான் வந்தால் எல்.பி. இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். என் கை கீழேதான், மர்லீன். இந்தத் தடவை கீழே.

அம்மா ஞாயிறுதோறும் உனக்கும் சேர்த்துத்தான் உருளைக்கிழங்கு வேகவைக்கிறாள். பகல் ரயிலில் வந்தால்கூடச் சூடாக இருக்கும். சும்மா சொல்கிறேன்.

கிளைவ்


லண்டன்
8 மார்ச் 1981

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அவர்கள் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் காட்டவில்லை, அது வீட்டு விஷயம். ஸ்டூவர்ட் எழுந்து வெளியே போய்விட்டான். கேவின், "பெரிய மனுஷன்டா அவன்" என்றான். அவனை அறையலாம் போலிருந்தது.

கடிதம் வந்த மறுநாள் நான் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் வரிசையில் நின்றேன். வீட்டுக்கு வந்து, உன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "பெட்டி நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எனக்கு நீதான்டா வேணும்" என்று கத்தி, உன்னைத் தெருவில் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் போனேன். என் முறை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "எங்கம்மா போகணும்?" என்றார்.

அன்றைக்கு உன் கையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தானே இத்தனையும் நடந்தது? கிளைவ் மாட்டான், கிளைவ் தூக்க மாட்டான் என்று உனக்கு நானே முடிவு பண்ணினேன். இப்போது மறுபடியும், கிளைவ் சும்மா சொல்கிறான், உள்ளே வேறு நினைக்கிறான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு ரயிலேறினால்? நீ யோசித்து, காது கொடுத்துக் கேட்டு, எழுதியிருக்கிறாய். கை கீழே என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவையாவது உன்னை நம்ப வேண்டும் என்று தோன்றியது. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வந்துவிட்டேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பதிவு ஆரம்பித்தாயிற்று. முதல் நாள் கேவின் பொத்தானை அமுக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். நன்றாக வந்தது. நீ சொன்னது போல ஒன்றுகூடச் சிந்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நீ இல்லாமல் என்னால் நன்றாக வாசிக்க முடிகிறது, கிளைவ். அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

உன் கை உன் கைதான். இனி நான் அதை இழுக்க மாட்டேன்.

மர்லீன்


ஷெஃபீல்ட்
ஈஸ்டர் ஞாயிறு, 1981

அன்புள்ள மர்லீன்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவைத் தட்டி, "எவ்வளவு நேரம்டா குளிப்ப, நீ என்ன தண்ணிப் பன்றியா?" என்று கேட்கிறவரை.

ஸ்டேஷன் வரை போனாயா! டிக்கெட் ஜன்னல் வரை போனாயா!

நான் எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுத எழுதவே, "போடா முட்டாள், பெட்டியாவது மண்ணாவது" என்று நீ கத்துவது என் காதில் கேட்டது. அதைக் கேட்பதற்காகத்தான் எழுதினேன். நீ சண்டை போட்டு வாங்கின மூன்று கையும் அண்ணன்மேல் வைத்த இரக்கமோ என்று ஒரு பயம். இல்லை என்று உன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. நான் கையைக் கீழே வைத்தால் நீ வந்து தூக்கிவிடுவாய் என்று நிச்சயமாக நம்பினேன். அன்றைக்கு நீ என்னை நம்பின மாதிரியே.

கடிதத்தைத் தபாலில் போட்ட அடுத்த ஞாயிறு காலையிலேயே டிரம்ஸைக் கழற்றி, துணி காயப்போடுகிற கயிற்றால் கட்டி, நடையில் அடுக்கினேன். அப்பா முழங்காலை இடித்துக்கொண்டு, "யாருடா வழியில பீரங்கியைக் கொண்டாந்து நிறுத்துனது?" என்றார். அம்மா என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். "அவ வந்ததும் ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே கிளம்பிடாதீங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னலுக்குப் போனேன். பால்காரன். ஐரீன் ஆன்ட்டி. யாருடையதோ நாய். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. உன் கை உன் கைதான், இனி இழுக்க மாட்டேன் என்று. பிறந்ததிலிருந்து எனக்கு நீ மரியாதை கொடுத்ததே இல்லை, மர்லீன். கொடுக்க ஆரம்பிப்பதற்கு அந்த வாரம்தானா கிடைத்தது?

உன்மேல் கோபமில்லை. நீ செய்தது சரி. நான் எழுதினதை நம்பினாய், நம்பாமல் வேறென்ன செய்வாய்? நினைத்ததை எழுதியிருக்க வேண்டியவன் நான்.

இனிமேல் ஓட்டு எதுவும் வேண்டாம். ஸ்டூவர்ட் எல்.பி.யைக் கேசட்டில் அனுப்பியிருந்தான். நல்ல எல்.பி. இதை நீ மறுக்க வேண்டும் என்று எழுதவில்லை, நிஜமாகவே நல்ல எல்.பி. ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் போகிறீர்களாம், போஸ்டரில் மூன்று முகம் அச்சாகிவிட்டதாம். போய் வாருங்கள். பெட்டியோடு நீ வாசிக்கிற விதம் உனக்குப் பிடிபட்டுவிட்டது. இப்போது நான் நடுவில் வந்து உட்கார்ந்தால் நீ மறுபடி ஓட ஆரம்பித்துவிடுவாய். ஹோரஸிடம் நிரந்தரமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் என் முதுகில் தட்டிவிட்டு, "அப்படின்னா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ கொஞ்சம் ஓடுற தம்பி" என்றார்.

இதை அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குடா?" என்றாள்.

"மர்லீனுக்கு."

"வரச் சொல்லி எழுது."

"இல்லம்மா. அவகிட்ட போகணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சுன்னு எழுதுறேன்."

அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அதை இப்ப எழுதி?" என்றாள்.

இப்போது எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்கு வர ஆசையாக இருந்தது, மர்லீன். ரொம்ப ஆசையாக இருந்தது.

கிளைவ்